உங்கள் சிற்றாறு மாறிவிட்டதா? முதலில் அளவுப் பலகையைச் சந்தேகப்படுங்கள்

பத்து வருடம் ஆற்றை அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வருடம்தான் உறைத்தது: நான் பெரும்பாலும் அளந்தது ஆற்றில் முளைத்த களையை.

நடந்தது இதுதான். சமவெளியில் ஓடும் சிற்றாறு. ஆறு மீட்டர் அகலம், சாதாரண நாளில் முழங்காலளவு ஆழம். தினமும் காலை ஆறரை மணிக்குப் பாலத்தடியில் இருக்கும் அளவுப் பலகையில் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். பத்து வருட எண்களை எக்செல்லில் போட்டுப் பார்த்தபோது, குறைநீர் மாதங்களின் மட்டம் வருடத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வீதம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. ஆற்றில் தண்ணீர் கூடுகிறது என்று நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். எதிர்க்கரையில் இருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னெல்லாம் இறங்கினா காலை இழுக்கும். இப்போ சும்மா நிக்குது. இதுல எங்க தண்ணி கூடிச்சு?" என்றார்.

அன்று மாலையே பாதி தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை ஆற்றில் விட்டு நேரம் பார்த்தேன். முதல் வருடம் அதே மாதத்தில் ஒரு தடவை இப்படி அளந்து வைத்திருந்தேன். அன்று பத்து மீட்டரை 40 நொடியில் கடந்த பாட்டில், இப்போது இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மட்டம் ஏறியிருந்தது, ஓட்டம், அதாவது நொடிக்குக் கடந்துபோகும் தண்ணீரின் அளவு, பாதிக்கும் கீழே போயிருந்தது. ஒரு நாளையும் இன்னொரு நாளையும் ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் பத்து வருட நோட்டை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

மலை ஆற்றில் இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. சரிவு அதிகம், தண்ணீர் தன் வேகத்தில் ஓடிவிடும். சமவெளிச் சிற்றாற்றில் சரிவு ஒரு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் மட்டுமே இருக்கலாம். அங்கே மட்டத்தைத் தீர்மானிப்பதில் வரும் தண்ணீருக்கு எவ்வளவு பங்கோ, வழியில் இருக்கும் தடைக்கும் அவ்வளவு பங்கு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-ல் முன்வைத்த சூத்திரத்தை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஆற்றின் சொரசொரப்புக்கு ஓர் எண் உண்டு. சுத்தமான மண் ஆற்றுக்கு அது 0.03 அளவில் இருக்கும். களை அடர்ந்துவிட்டால் 0.1-ஐத் தொடும். அதாவது அதே ஆழத்தில், அதே சரிவில், வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு தண்ணீர் போக வேண்டுமென்றால் மட்டம் ஏறித்தான் ஆகவேண்டும்.

அதனால் நீங்கள் இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் போங்கள்: முதலில் பலகை, அடுத்து ஓட்டம், அப்புறம் கணக்கு. காரணம் தேடுவது கடைசியில். பெரும்பாலோர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

பலகையை எங்கே வைப்பது, எப்படி நம்புவது

நேராக ஓடும் ஒரு துண்டைத் தேடுங்கள். கரை இரண்டு பக்கமும் உறுதியாக இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் மதகோ தடுப்பணையோ வேறு ஆறு சேரும் இடமோ அருகில் இருக்கக்கூடாது. "அருகில்" என்பது சமவெளியில் நாம் நினைப்பதைவிட நீளம். கீழே சேரும் பெரிய ஆற்றில் ஒரு மீட்டர் மட்டம் ஏறினால், கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சரிவுள்ள உங்கள் ஆற்றில் அதன் எதிரேற்றம் சுமார் ஐந்து கிலோமீட்டர் மேலே வரை தெரியும். உங்கள் ஆற்றில் ஒரு சொட்டு கூடியிருக்காது, பலகை மட்டும் ஏறிக் காட்டும். வேறு இடமே இல்லையென்றால் முந்நூறு, நானூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு பலகை வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதிவாருங்கள். வித்தியாசம் திடீரென்று சுருங்கினால் கீழிருந்து தண்ணீர் முட்டுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது நிலைக்குறி. பாலத்தின் கல்லிலோ பெரிய பாறையிலோ அசையாத ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாது, மூன்று வேண்டும், மூன்றும் வேறு வேறு கட்டுமானத்தில். மாதம் ஒரு முறை அந்தப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பை இறக்கி அளந்து, பலகை காட்டுவதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதை நான் வலியோடு சொல்கிறேன். ஒரு வெள்ளத்தில் மிதந்துவந்த மரம் மோதி என் பலகை சாய்ந்தது. பாலத்தைப் பழுதுபார்க்க வந்தவர்களே நல்ல எண்ணத்தில் அதை நிமிர்த்தி நட்டுவிட்டுப் போனார்கள். 11 சென்டிமீட்டர் தாழ்வாக. பலகை தாழ்ந்தால் அது காட்டும் எண் ஏறும். ஏழு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் தற்செயலாக. நிலைக்குறி இல்லாமல் இருந்திருந்தால் அந்த 11 சென்டிமீட்டர் இன்றும் "நீண்டகால மாற்றம்" என்ற பெயரில் என் வரைபடத்தில் உட்கார்ந்திருக்கும்.

நேரத்தையும் மாற்றாதீர்கள். கரையோர மரங்கள் பகலில் வேர் வழியே நீரை உறிஞ்சும். குறைநீர்க் காலத்தில் சிற்றாறுகளில் மட்டம் பிற்பகலில் லேசாக இறங்கி, இரவில் மறுபடி ஏறும். சில மாதம் காலையிலும் சில மாதம் மாலையிலும் பார்த்து எழுதினால் இல்லாத ஒரு மாற்றத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

ஓட்டத்தை அளப்பது

நீரின் வேகத்தை அளக்கும் கரன்ட் மீட்டர் கிடைத்தால் நல்லது. அகலத்தைப் பதினைந்து இருபது கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் வேகம் பாருங்கள். ஒரு மீட்டர் அளவுக்கு ஆழம் இருந்தால் 0.2, 0.8 பங்குகளில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுங்கள். மீட்டர் இல்லையென்றால் மிதவை. பாதி நிரம்பிய பாட்டில் காற்றில் அலையாது, தண்ணீரோடு போகும்.

கணக்கு எளிது. அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 0.5 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 3 சதுர மீட்டர். மிதவை 10 மீட்டரை 40 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.25 மீட்டர். அடியில் தண்ணீர் மெதுவாகப் போவதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 0.21. பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் நொடிக்கு 0.64 கனமீட்டர். நடுவில், வலப்பக்கம், இடப்பக்கம் என்று குறைந்தது ஐந்தாறு தடவை விடுங்கள். களை நிறைந்த இடத்தில் 0.85 என்பது அதிகம். அங்கே அளக்கவே வேண்டாம், களை இல்லாத துண்டுக்கு நடந்துபோய் அளந்துவிட்டு வாருங்கள். இடையில் வாய்க்கால் எதுவும் பிரியாமலும் சேராமலும் இருக்கும்வரை ஓட்டம் எங்கே அளந்தாலும் ஒன்றுதான்.

இப்படி வெவ்வேறு மட்டங்களில் அளந்த ஓட்டங்களைப் புள்ளியாக வைத்து ஒரு வளைகோடு வரைய வேண்டும். துறையில் இருப்பவர்கள் ரேட்டிங் கர்வ் என்பார்கள். அதற்கப்புறம் பலகையைப் பார்த்தாலே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே கோட்டை வருடம் முழுக்க வைத்துக்கொள்வதுதான் நான் செய்த தப்பு. களை முளைக்கும் பருவத்துக்கு ஒரு கோடு, களை அழிந்தபின் ஒன்று, தூர்வாரினால் புதிதாக இன்னொன்று. வருடத்துக்குப் பன்னிரண்டு அளவீடு என்பது குறைந்தபட்சம், அதில் பாதியாவது குறைநீர்க் காலத்தில் இருக்க வேண்டும். வெள்ளத்தை அளக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் சமவெளி வெள்ளம் கரையைத் தாண்டி இருபுறமும் பரவி ஓடும். பாலத்தடியில் நின்று நீங்கள் அளப்பது அதில் ஒரு பகுதிதான். உயிருக்கும் ஆபத்து. வெள்ளத்தன்று மட்டத்தை மட்டும் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

பழைய பதிவுகள்

நீங்கள் இன்று தொடங்கினால் நீண்டகாலம் என்று சொல்ல முப்பது வருடம் ஆகும். அதனால் யாராவது ஏற்கெனவே எழுதி வைத்ததைத் தேடுங்கள். நீர்வளத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம், பாசனப் பதிவேடு, பழைய ஆலைகளின் மதகுக் குறிப்புகள். ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988-லிருந்து உலக ஆறுகளின் நீரோட்டத் தரவு மையம் ஒன்று இயங்குகிறது. ஆனால் அங்கே பெரிய ஆறுகளுக்குத்தான் நீண்ட பதிவு அதிகம். உங்கள் சிற்றாறு கிடைக்காவிட்டாலும், அதே மழை பெறும் பக்கத்து ஆறு கிடைக்கலாம். ஒப்பிட அதுவே உதவும்.

பதிவு கிடைத்ததும் எண்களுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. பலகை எப்போதாவது இடம் மாறியதா? கையால் பார்த்தது எந்த வருடம் கருவிக்கு மாறியது? வளைகோடு எத்தனை முறை திருத்தப்பட்டது? விடுபட்ட நாட்களை யாராவது குத்துமதிப்பாக நிரப்பினார்களா? தொடர்ந்து எட்டு நாள் ஒரே எண் இருந்தால், ஆறு அசையாமல் நின்றிருக்காது, பார்ப்பவர் ஊரில் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இரட்டைக் கூட்டு வரைபடம். முதல் வருட மழை, முதல் இரண்டு வருட மழை, முதல் மூன்று வருட மழை என்று கூட்டிக்கொண்டே போய்க் கிடைமட்டத்தில் வையுங்கள். ஓட்டத்தையும் அப்படியே கூட்டிச் செங்குத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள உறவு மாறாமல் இருந்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழும். ஓரிடத்தில் கோடு மடங்கினால், அந்த வருடம் ஏதோ நடந்திருக்கிறது. பலகை மாறியிருக்கலாம், மழைமானி மாறியிருக்கலாம், மேலே யாராவது அணை கட்டியிருக்கலாம். எது என்று வரைபடம் சொல்லாது. நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

எதைக் கணக்கிடுவது

வருடச் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ரஷ்யச் சமவெளியின் ஆறுகள் இதற்கு நல்ல உதாரணம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே குளிர்கால ஓட்டம் கூடியிருக்கிறது, பனி உருகி வரும் வசந்த வெள்ளம் பல ஆறுகளில் தணிந்திருக்கிறது. குளிர்காலத்தில் இடையிடையே பனி உருகி மண்ணுக்குள் இறங்குவதால் நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு வருவது கூடுகிறது, வசந்தத்தில் ஒரேயடியாக உருகக் குறைவாகவே மிஞ்சுகிறது. ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் வருடச் சராசரியில் மாற்றமே தெரியாது.

நான் பார்ப்பவை நாலு. வருடத்தில் தொடர்ச்சியான ஏழு நாட்களின் மிகக் குறைந்த சராசரி ஓட்டம். வருடத்தின் 95 சதவீத நாட்களில் குறையாமல் ஓடும் அளவு. வருடத்தின் மொத்தத் தண்ணீரில் பாதி கடந்துபோன தேதி. மிகப் பெரிய வெள்ளத்தின் மட்டம். இதில் முதலாவதுக்கே என் ஓட்டு. மழை பெய்யாத நாளில் ஆற்றில் ஓடுவது நிலத்தடி நீர் கசிந்து தருவது. சமவெளிச் சிற்றாற்றின் உயிர் அதில்தான் இருக்கிறது, மெதுவான மாற்றங்களும் முதலில் அங்கேதான் தெரியும். வருடத்தை ஜனவரியில் தொடங்காதீர்கள். ஆறு மிகவும் மெலியும் காலம் இரண்டு வருடத்துக்கு நடுவில் பிளந்துபோகாதபடி, தண்ணீர் நிறைந்திருக்கும் ஒரு மாதத்தில் தொடங்குங்கள்.

ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மான்–கெண்டல் சோதனை போதும். பெயர்தான் பெரிது, கையாலேயே செய்யலாம். முப்பது வருட எண்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வருடத்தையும் அதற்குப் பின்வரும் எல்லா வருடங்களோடும் ஒப்பிடுங்கள். பிந்தையது பெரிதென்றால் கூட்டல் ஒன்று, சிறிதென்றால் கழித்தல் ஒன்று. மொத்தம் 435 ஜோடி வரும். எல்லாவற்றையும் கூட்டினால் வரும் எண் கூட்டலிலோ கழித்தலிலோ 111-ஐத் தொட்டால், 95 சதவீத நம்பிக்கையில் அது தற்செயல் இல்லை என்று கொள்வது வழக்கம். எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதற்கு, ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் இடைப்பட்ட வருட எண்ணிக்கையால் வகுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். ஒரு பெரிய வெள்ள வருடம் இந்தக் கணக்கைக் கெடுக்காது. அதுதான் இதில் வசதி.

ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சோதனை ஒவ்வொரு வருடமும் தனித்தனி என்று எடுத்துக்கொள்கிறது. ஆறு அப்படி இல்லை. ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் நீரியலாளர் எகிப்தில் நைல் நதியோடு வாழ்நாளைக் கழித்தவர். கெய்ரோவில் நைலின் நடுவே இருக்கும் ரோடா தீவின் நீர்மட்டப் பதிவுகள் கி.பி. 622 வரை பின்னோக்கிப் போகின்றன. அவற்றையும் வேறு நீண்ட பதிவுகளையும் ஆராய்ந்து 1951-ல் அவர் காட்டியது, செழிப்பான வருடங்களும் வறண்ட வருடங்களும் தற்செயலில் வருவதைவிட அதிகமாகக் கொத்துக் கொத்தாக வருகின்றன என்பது. உங்கள் பதிவு ஒரு செழிப்பான கொத்தில் தொடங்கி வறண்ட கொத்தில் முடிந்தால், ஆறு செத்துக்கொண்டிருப்பதாகவே கணக்கு சொல்லும். தொடக்கத்தில் ஐந்து வருடத்தை வெட்டிவிட்டு ஒரு முறை, முடிவில் ஐந்தை வெட்டிவிட்டு ஒரு முறை செய்து பாருங்கள். முடிவு தலைகீழாக மாறினால் உங்களிடம் இன்னும் பதில் இல்லை.

காரணம் தேடுவது

இவ்வளவும் தாண்டி மாற்றம் நிற்கிறது என்றால், முதலில் மழையைக் கேளுங்கள். உதாரணத்துக்கு, நீர்ப்பிடிப்புப் பகுதி 80 சதுர கிலோமீட்டர், வருடச் சராசரி ஓட்டம் நொடிக்கு 0.5 கனமீட்டர் என்று வையுங்கள். வருடத்துக்கு அது 1.58 கோடி கனமீட்டர். அந்தப் பரப்பு முழுவதும் விரித்தால் 197 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். 900 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய 700 ஆவியாகவும் செடிகொடி வழியாகவும் போய், மீதிதான் ஆற்றுக்கு வந்தது. மழை பத்து சதவீதம் குறைந்து 810 ஆகிறது, ஆவியாதல் கொஞ்சமே குறைந்து 670-ல் நிற்கிறது என்றால் ஆற்றுக்கு 140 மிஞ்சும். மழையில் பத்து சதவீதம், ஆற்றில் முப்பது. "மழை கொஞ்சம்தானே குறைந்தது, ஆறு ஏன் இப்படி ஆயிற்று" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன்.

மழையால் விளங்காததுதான் மனிதர் கணக்கு. நிலத்தடி நீரை இறைத்தால் குறைநீர் ஓட்டம் மெலியும், பல வருடம் தாமதமாகக்கூட. ஈர நிலத்தில் வடிகால் வெட்டினால் வெள்ளம் சீக்கிரம் வந்து சீக்கிரம் வடியும். கட்டடங்கள் பெருகினால் சிறு வெள்ளங்களின் உச்சம் ஏறும். கழிவுநீர் வேறு விதம்: வேறெங்கிருந்தோ குழாயில் கொண்டுவந்த தண்ணீர் பயன்பட்டு, ஆற்றில் விழுந்து, குறைநீர் ஓட்டத்தைக் கூட்டிக் காட்டும். நீரின் மணம் உங்களுக்கு அதைச் சொல்லிவிடும். பழைய வரைபடங்களையும் எடுத்துப் பாருங்கள். டென்மார்க்கின் ஸ்கேர்ன் ஆற்றை 1960-களில் நேர்வாய்க்காலாக்கி, 1999 முதல் 2002 வரை செலவழித்து மறுபடி வளைத்துவிட்டார்கள். உங்கள் ஆறும் எப்போதோ நேராக்கப்பட்டிருக்கலாம், இப்போது இருப்பவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

செயற்கைக்கோள் படத்தை நம்பி ஆற்றின் அகலத்தை அளக்க முயலாதீர்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர், சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். 6 மீட்டர் அகலமுள்ள என் ஆறு எதிலும் ஒரு புள்ளிக்குத் தேறாது. சுற்றியிருந்த ஈர நிலம் எந்த வருடம் வயலாயிற்று, வயல் எப்போது கட்டடமாயிற்று என்று பார்க்கத்தான் அவை. அதற்கு அருமையான கருவி, இலவசமும்கூட.

வெப்பம் கூடுவதன் பங்கைக் கடைசியில் வைக்கச் சொல்வது அது சின்ன விஷயம் என்பதால் அல்ல. மற்றதையெல்லாம் கழிக்காமல் அதன் பங்கு எவ்வளவு என்று தெரியாது, அவ்வளவுதான்.

பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் "தண்ணீர் எவ்வளவு வந்தது" என்று கேட்காதீர்கள். எல்லோருக்கும் பெரிய வெள்ளம்தான் ஞாபகம் இருக்கும். எங்கே இறங்கி நடந்தீர்கள், எங்கே நீந்த வேண்டியிருந்தது, எந்த மாதம் மணல் தெரிந்தது, இறங்கினால் காலை இழுத்ததா என்று கேளுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பலகை அசைந்த தேதி, களை வெட்டிய தேதி, தூர்வாரிய தேதி, விடுமுறையில் வேறு யாராவது பார்த்த நாட்கள் எல்லாம் அங்கே போகட்டும். எண்களை யாருக்காவது கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தின் முதல் வரி: "பலகை 11 செ.மீ. தாழ்ந்துவிட்டது, ஏழு மாதம் கவனிக்கவில்லை."